செல்வவிநாயகா கார்டன் சிக்கன மகிழ்ச்சி விழா

சந்தோஷமாக இருப்பதற்கு முன்னால் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று செந்தமிழனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவன் பாட்டுக்கு இருந்துவிட்டான். அதன் பலனைப் பிற்பாடு அனுபவித்தான்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அவனுக்கு வெல்டிங் வேலை. குடியிருப்பது ஊருக்கு வெளியே, திருச்செங்கோடு ரோட்டில், ஸ்ரீ செல்வவிநாயகா கார்டனில். பெயரில்தான் கார்டன். உள்ளே போனால் கல் நட்ட மனைகள், நடுவே நாலைந்து தெருவுக்கு மாடி வீடுகள், அந்த மாடி வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடுவதற்காகப் பின்பக்கம் கட்டிப்போட்ட லைன் வீடுகள். செந்தமிழனுக்கு லைன் வீட்டில் ஓர் அறை, அதற்குள்ளேயே அடுப்பு.

கல்யாணம் முடிந்து ஜோதி அந்த அறைக்குத்தான் வந்தாள். தம்மம்பட்டிக்காரி. பத்துப் பெண்களோடு காட்டில் களையெடுத்தபடி இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குக் கத்திப் பேசி வளர்ந்தவள். இங்கே பேச ஆளில்லை. அவன் பட்டறையிலிருந்து திரும்பும்போது விளக்குகூடப் போடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

"என்ன புள்ள?" என்பான்.

"ஒண்ணுமில்ல" என்பாள். அதற்குமேல் வாயிலிருந்து ஒரு சொல் வராது. சோறும் சரியாக இறங்கவில்லை. வந்தபோது இருந்த கன்னம் எங்கே போனதென்று தெரியவில்லை. மாமியார் போனில், "கொண்டாந்து உட்டுடுங்க மாப்ள, கொஞ்ச நாளு இங்க இருக்கட்டும்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் என்று போனவள் திரும்பி வராமலே இருந்துவிட்டால்? செந்தமிழன் பயந்துபோனான். சினிமாவுக்குக் கூட்டிப் போனான். டிக்கெட்டும் தீனியும் சேர்ந்து அந்த மாத மளிகையில் கைவைத்ததுதான் மிச்சம். திரும்பி வந்ததும் அவள் பழையபடி சுவரைப் பார்க்க உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து அறை இனியா ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டை நிறைய முட்டையோடு வந்தாள். அவள் புருஷன் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனால் மாசக்கணக்கில் வரமாட்டான். பண்ணையில் லாரி ஏற்றும்போது கீறல் விட்ட முட்டையைப் பொழுது சாயும்போது சல்லிசாகத் தள்ளிவிடுவார்கள் என்பதை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். கீறல் முட்டை மறுநாள் தாங்காது, அன்றைக்கே தீர்த்தாக வேண்டும். ஒருத்தர் தீர்க்க முடியாது. ஆகவே லைன் வீட்டு ஐந்து குடும்பமும் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு, பூங்காவுக்கென்று விட்டிருந்த காலி இடத்துக்குப் போனார்கள். பூங்கா இல்லை, ஒரு வேப்பமரம் மட்டும் இருந்தது. பொடிமாஸ் கிளறினார்கள், கரண்டியில் அரைவேக்காடாகக் கலக்கி ஊற்றினார்கள். செங்கல் துண்டால் தரையில் கட்டம் கிழித்துத் தாயம் ஆடினார்கள்.

தாயத்தில் செந்தமிழனின் காயை இனியா வெட்டியபோது ஜோதி சிரித்தாள். அவள் சிரித்தால் அது சிரிப்போடு நிற்காது. தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும், பக்கத்தில் இருப்பவர் முதுகில் ஓர் அறை விழும். அறை செந்தமிழனுக்கு விழுந்தது. இவ்வளவு சுகமாக அவன் அடி வாங்கியதே இல்லை.

அப்புறம் எல்லா ஞாயிறும் அங்கேதான். ஜோதிக்குக் கன்னம் திரும்பியது. மாமியார் போனில் கூப்பிடுவதை நிறுத்தினார்.

அந்தச் சிரிப்பு மாடி வீடுகள் வரைக்கும் கேட்டிருக்கிறது. குடியிருப்போர் நலச் சங்கத்துச் செயலாளர் ஜெகதீஸ்வரன், மாலை நடைக்கு வந்தவர், வேப்பமரத்தடியில் நின்றார். அந்தச் சங்கம் தெருவிளக்கு வாங்குவதற்காக ஆரம்பிக்கப்பட்டது. தெருவிளக்கு இன்னும் வரவில்லை. ஆனால் சங்கம் வந்துவிட்டது.

"இங்க என்ன நடக்குது?"

"முட்டை திங்கறமுங்க" என்றான் செந்தமிழன்.

"அது நிகழ்ச்சி. நோக்கம் என்ன?"

செந்தமிழன் நன்றாக யோசித்தான். "சும்மாதானுங்க."

"சும்மாவா?" ஜெகதீஸ்வரனின் முகம் வாடிப்போயிற்று. முப்பது வருஷம் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவர். சும்மா இருந்ததும் உண்டு. ஆனால் அதற்கு ஒவ்வொரு நாளும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அந்த வாரமே செயற்குழு அவசரமாகக் கூடியது. செந்தமிழனையும் ஜோதியையும் கூப்பிட்டு ஓரமாக நிறுத்தி வைத்தார்கள். தலைவர் ராசப்பனுக்குச் சொந்தமாகக் கோழிப்பண்ணை, தீவன மில், அப்புறம் இந்தச் சங்கம். எழுந்து மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார். கேட்கப் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள், இருந்தாலும் மைக் இல்லாமல் அவருக்கு வார்த்தை வராது.

"பெரியோர்களே, சந்தோஷங்கறது ஒண்ணும் தப்பில்லீங்க. நானே ஒருக்கா இருந்திருக்கறேன். என்னை இந்தச் சங்கத்துக்குத் தலைவராப் போட்ட அன்னிக்கு. ஆனா அதுக்கு ஒரு முறை இருந்துச்சுங்க. வரவேற்புரை இருந்துச்சு, பொன்னாடை இருந்துச்சு, நன்றியுரை இருந்துச்சு. இங்க என்ன நடக்குது? திடீர்னு சிரிக்கறாங்க. யாரு தலைமைன்னு தெரியல. யாரு முன்னிலைன்னு தெரியல. முடிச்சு வெக்கறதுக்கும் ஆளில்ல. நாளைக்கு இது அடுத்த நகருக்குப் பரவுச்சுன்னா பொறுப்பு ஆரு?"

செந்தமிழன் தடை போடப் போகிறார்கள் என்று நினைத்தான். தடை போட்டிருந்தால் தேவலை. வேறு ஆலமரமோ வேலமரமோ பார்த்துப் போயிருப்பார்கள். சங்கம் அப்படி விடுகிற சங்கமா? ஏழை எளியவர்கள் குறைந்த செலவில் மகிழ்வதைப் பாராட்டி, அதை முறைப்படுத்தி, 'சிக்கன மகிழ்ச்சி விழா' என்ற பெயரில் சங்கமே ஏற்று நடத்துவது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். கைதட்டினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் செந்தமிழனும் தட்டினான்.

"நல்லதுதான சொல்றாங்க?" என்று வரும் வழியில் ஜோதியிடம் கேட்டான்.

"எனக்கென்னமோ பயமா இருக்கு" என்றாள் அவள்.

பயம் சரிதான். விழாவுக்கு ஆயத்தக் கூட்டம் நடத்த வேண்டுமல்லவா? எல்லோருக்கும் ஓய்வான நேரம் எது என்று ஆராய்ந்து, ஞாயிறு சாயங்காலம் என்று கண்டுபிடித்தார்கள். எப்படி மகிழ்வது என்று முடிவாகும் வரை மகிழ்வதை நிறுத்திவைக்கும்படியும் கேட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து குடும்பமும் பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தது.

முதல் கூட்டத்தில் முட்டை அடிபட்டுப் போயிற்று. "கீறல் முட்டையா?" என்று ராசப்பன் துள்ளிக் குதித்தார். "ஏனுங்க, நம்ம முட்டை கடல் தாண்டிக் கப்பல்ல போவுது. நாமக்கல்லுல கீறல் முட்டையத் தின்னுபோட்டுச் சிரிக்கறாங்கன்னு வெளிய தெரிஞ்சா என் பண்ணை மானம் என்னாவறது? முழு முட்டை நான் தாரேன். கோபுரமா அடுக்கி வெப்போம்."

"அடுக்கினா திங்கறது எப்படிங்க?" என்று இனியா கேட்டுவிட்டாள்.

"அம்மணி, கோபுரத்துல இருந்து உருவித் திம்பாங்களா?"

அடுத்த கூட்டத்தில் தாயம் போயிற்று. பார்ப்பவர்களுக்குச் சூதாட்டம் போலத் தெரியும் என்று பொருளாளர் சொன்னார். அதற்குப் பதில் சிறுசேமிப்பு பற்றிய வினாடி வினா. அதற்கடுத்த கூட்டம் முழுக்க, பேனரில் யார் படம் எந்த அளவில் என்பதிலேயே கழிந்தது. துணைத்தலைவர் படம் செயலாளர் படத்தைவிட விரற்கடை சின்னதாக வந்ததால் மூன்று தடவை அடித்தார்கள். பேனர் செலவு கையை மீறிப்போனதும், விழாவின் பயனாளிகள் என்ற முறையில் லைன் வீட்டுக்காரர்கள் தலைக்கு இவ்வளவென்று நன்கொடை எழுத வேண்டியதாயிற்று. செந்தமிழன் பட்டறையில் இரண்டு இரவு கூடுதலாக நின்று அதைக் கட்டினான். செலவில்லாமல் சிரித்துக்கொண்டிருந்ததற்குத் தண்டம்.

ஒருவழியாக விழா நாள் வந்தது. வேப்பமரத்தின் கிளைகள் பேனரை மறைத்ததால் வெட்டிவிட்டார்கள். வெயிலில் மேடை போட்டார்கள். சேலம் அம்மாபேட்டையிலிருந்து சிரிப்புச் சிகிச்சை நிபுணர் ஒருவரைக் காரில் வரவழைத்திருந்தார்கள். தலைப்பு, 'செலவின்றி மகிழ்வோம்'.

குத்துவிளக்கு ஏற்றியதும் வரவேற்புரை. வரவேற்பவர் மேடையில் வீற்றிருக்கும் ஒவ்வொருவரையும் பெயர், பட்டம், தொழிலோடு விளித்தார். கீழே முதல் வரிசையில் இருந்த முன்னாள் பொருளாளர், தன் பெயர் வரவில்லை என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். இரண்டு பேர் ஓடிப் பிடித்து அவரை மேடையில் உட்கார வைத்தார்கள். அதைப் பார்த்துக் கட்டடக் குழு உறுப்பினர் கிளம்பினார். அவரையும் ஏற்றினார்கள். அவர் மச்சானையும் ஏற்ற வேண்டியிருந்தது. அடுத்துப் பேசியவர் புதிதாக ஏறியவர்களையும் சேர்த்து முதலிலிருந்து விளித்தார். விளித்து முடிப்பதற்குள் இன்னும் நாலு பேர் கோபித்துக்கொண்டார்கள். இப்படியே ஒவ்வொருவராக ஏறி, ஒரு கட்டத்தில் மாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் மேடையில் இருந்தார்கள். கீழே ஐந்து குடும்பமும் மைக்செட்காரரும் மட்டும். பொன்னாடை தீர்ந்துபோனதால் முதலில் போர்த்தியதை உருவி அடுத்தவருக்குப் போர்த்தினார்கள். பாராட்டாமல் விட்டால் மைக்கை அணைத்துவிடுவார் என்று பயந்து கடைசியில் மைக்செட்காரரையும் மேலே கூப்பிட்டுவிட்டார்கள்.

நிபுணர் எழுந்தார். "நண்பர்களே, மகிழ்ச்சிக்குப் பணம் எதற்கு? பணத்தை மறந்தவனே சிரிக்கிறான். நான் பணத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை" என்றவர், பக்கம் திரும்பி, "கவரை டிரைவர் கையில கொடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். மைக் நன்றாகத்தான் வேலை செய்தது.

பிறகு ஜோதியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். "நமது நகரின் முன்மாதிரிச் சிரிப்பாளர்" என்று ஜெகதீஸ்வரன் அறிவித்தார். முட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தி, கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்து, போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினார்.

"எங்க, சிரிம்மா" என்றார் ராசப்பன்.

ஜோதி நின்றாள்.

"அன்னிக்குச் சிரிச்ச மாதிரிம்மா. கூச்சப்படாத, சங்கமே சொல்லுது."

"வரலீங்களே" என்றாள்.

நிபுணர் உதவிக்கு வந்தார். "வயிற்றிலிருந்து சொல்லுங்கள். ஹா, ஹா, ஹா."

டாக்டரிடம் தொண்டையைக் காட்டுவதுபோல ஜோதி வாயைத் திறந்து, "ஹா... ஹா..." என்றாள். அவள் உதடு நடுங்குவதைக் கீழே இருந்து செந்தமிழன் பார்த்தான். மேடையேறி அந்தக் கேடயத்தைப் பிடுங்கி வீச வேண்டும் போலிருந்தது. ஏறினால் தனக்கும் ஒரு பொன்னாடை போர்த்துவார்களோ என்ற பயத்தில் நின்ற இடத்திலேயே நின்றான்.

"மகிழ்ச்சியில் வாயடைத்துப் போயிருக்காங்க!" என்று ராசப்பன் மைக்கில் சொன்னார். மேடை முழுக்கக் கைதட்டியது. நன்றியுரை முடிய இருட்டிவிட்டது. முட்டைக் கோபுரத்தைப் பிரித்து வேனில் ஏற்றிப் பண்ணைக்கே திருப்பி அனுப்பினார்கள், ஒன்றுகூடக் கீறல் விடவில்லை என்று ராசப்பனுக்குப் பெருமை. மேடைக்கு டிபன் போயிற்று. கீழே இருந்தவர்களுக்கு ஆறிய டீ.

அடுத்த வாரம் அந்த இடத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். விழா நடந்த இடத்தின் புனிதம் கெடக்கூடாதாம். செந்தமிழன் சாவி கேட்டு ஜெகதீஸ்வரன் வீட்டுக்குப் போனான்.

"தாராளமாத் தாரேன். நோக்கம் சொல்லுங்க" என்றார் அவர்.

"பழையபடிதானுங்க. சும்மா உக்காந்து பேசறதுக்கு."

"அதான் இப்ப வருஷா வருஷம் சங்கமே நடத்துதே. நடுவுல நீங்களும் சந்தோஷமா இருந்தீங்கன்னா விழாவுக்கு மதிப்பிருக்குமா? கொஞ்சம் பொறுத்துக்கோங்க, தம்பி. ஒரு வருஷந்தான்."

வீட்டுக்கு வந்தபோது விளக்கு எரியவில்லை. ஜோதி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் துணிப்பை. உள்ளே நாலு சேலை மடித்து வைத்திருந்தது.

"அம்மா வரச் சொல்லுச்சு" என்றாள். "கொஞ்ச நாளு போய்ட்டு வரேன். கோவிச்சுக்காதீங்க. இங்க இருந்தா நெஞ்சு அடைக்கிது."

போகாதே என்று சொல்லச் செந்தமிழனிடம் ஒரு காரணமும் இல்லை. இருந்த ஒரே காரணத்துக்குத்தான் வேலி போட்டுவிட்டார்களே.

இரண்டு அறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான், பேசியதெல்லாம் இனியாவுக்குக் கேட்டிருக்கிறது. மறுநாள் ஞாயிறு, இனியா வந்து அந்தப் பையைத் தூக்கிப் பரண்மேல் எறிந்தாள்.

"வேலி போட்டா என்ன? டவுன் பஸ்ஸுக்கு வேலி போட முடியுமா? பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே இல்ல. முட்டைய அவிச்சுத் தூக்கிக்க. ஏறி உக்காந்தா போற எடம் வரைக்கும் போலாம், அதே பஸ்ஸுல திரும்பி வரலாம். ஆரு என்ன நோக்கம்னு கேக்கறாங்க பாக்கலாம்."

ஐந்து பெண்களும் கடைசி நீள சீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்களுக்கு டிக்கெட் உண்டாகையால் அவர்கள் நிறுத்தத்தோடு நின்றார்கள். பொழுது சாயும் நேரம் பஸ் திரும்பி வந்தபோது, அது நிற்பதற்கு முன்பே செந்தமிழனுக்கு அந்தச் சிரிப்பு கேட்டுவிட்டது. யாரோ முதுகில் அறை வாங்கும் சத்தமும் கேட்டது. அவனுக்குக் கண் கலங்கியது. அங்கேயே நின்று துடைத்துக்கொண்டான், வெட்கப்படவில்லை.

நாலைந்து ஞாயிறு இப்படி ஓடியது. துணிப்பை பரணிலேயே கிடந்தது. அதற்குள் யார் கண் பட்டதோ, ஒரு ஞாயிறு பஸ் கிளம்பிப் போன கையோடு ராசப்பனின் கார் நிறுத்தத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"என்ன தம்பி, வாராவாரம் பொம்பளைங்க எல்லாம் கூட்டமாப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க போறாங்க?"

சும்மா என்ற சொல் செந்தமிழனின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். பஸ்ஸுக்குள் மேடை வரும். டிரைவருக்குப் பொன்னாடை வரும்.

"எழவுக்குங்க" என்றான். "அவங்கவங்க சொந்தத்துல ஒண்ணு மாத்தி ஒண்ணா வந்துக்கிட்டே இருக்குதுங்க."

"அடப் பாவமே!" ராசப்பன் காரை விட்டு இறங்கிவிட்டார். "நம்ம நகர்க்காரங்க துக்கம்னா சங்கத்துக்கும் துக்கந்தான? ஒரு மாலை போடோணுமே. எந்த ஊருன்னு சொல்லு."

"எடுத்தாச்சுங்க. இப்பப் போனாலும் ஒண்ணுமிருக்காது. இவங்க சும்... கேதம் கேட்டுட்டுத் திரும்பிருவாங்க."

"அப்ப வரட்டும். நேர்லயே ஆறுதல் சொல்லிப்போட்டுப் போறேன்" என்று ராசப்பன் பஸ் நிழற்குடையில் உட்கார்ந்துவிட்டார். செந்தமிழன் ஜோதிக்குப் போன் போட்டான். பஸ் கூச்சலில் அவள் எடுக்கவில்லை. சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றான்.

பஸ் வந்தது. சிரிப்பு முன்னால் வருவதற்குள் செந்தமிழன் பின்படிக்கு ஓடினான். முதலில் இறங்கியது ஜோதிதான், வாய் நிறையச் சிரிப்போடு.

"அழு புள்ள" என்றான் மெதுவாக. "தலைவர் உக்காந்திருக்கறாரு. எழவுன்னு சொல்லிப்போட்டேன். உன்னைக் கும்புட்டுக்கறேன், கொஞ்ச நேரம் அழு."

ஜோதி நிழற்குடையைப் பார்த்தாள். கைகூப்பியபடி, முகத்தைத் தொங்கப்போட்டு ராசப்பன் வந்துகொண்டிருந்தார். அவ்வளவுதான், அவளுக்கு அடக்க முடியவில்லை. முந்தானையை இழுத்து முகத்தில் பொத்திக்கொண்டாள். இனியாவும் பொத்திக்கொண்டாள். விஷயம் புரிந்ததும் மற்ற மூவரும் பொத்திக்கொண்டு ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்தார்கள். ஐந்து பேருக்கும் தோள் குலுங்கியது. உள்ளிருந்து விக்கலும் கேவலுமாகச் சத்தம் வந்தது. ஜோதி தாளமுடியாமல் இனியாவின் முதுகில் ஓங்கி அறைந்தாள்.

ராசப்பனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி, அங்கேயே ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினார். மற்ற ஆண்களும் வேறு வழியில்லாமல் தலைகுனிந்து நின்றார்கள். கண்ணைத் திறந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எத்தனையோ எழவு பாத்திருக்கறேன் தம்பி. இத்தனை ஒத்துமையா அழுது நான் பாத்ததே இல்ல. இது இப்படி ரோட்டோரமா வீணாப் போவக் கூடாது" என்றவர் போனை எடுத்தார். "செயலாளருங்களா? ராசப்பன் பேசறேன். ஒரு இரங்கல் கூட்டத்துக்கு ஏற்பாடு பண்ணோணும். ஆயத்தக் கூட்டத்தை ஞாயித்துக்கிழமை பொழுது சாயறப்ப வெச்சுக்கலாம். ஆமாங்க, வாராவாரந்தான். இவங்க அஞ்சு பேரையும் முன்வரிசையில போட்டிருங்க."

ஜோதியின் தோள் குலுங்குவது நின்றது. முந்தானையை அவள் முகத்திலிருந்து எடுக்கவில்லை. உள்ளிருந்து மெல்லிசாக வேறு ஒரு சத்தம் வந்தது. அது என்ன சத்தமென்று செந்தமிழனுக்குத் தெரியும். ராசப்பன் மெச்சிக்கொண்டு தலையை ஆட்டினார்.